தண்ணீர் இல்லை

புக்கிட் ரோத்தான் பள்ளியின் கணினி அறையில்
பதினொரு கணினிகள்.
நான்கு எழும்.
ஐந்தாவது எழுந்து, யோசித்து, மறுபடி தூங்கும்.

எழுந்த ஒன்றின் தலையில்
செலோடேப் ஒட்டி வெப்கேம் பொருத்தினோம்.
அதன் கண்ணெதிரே மைலோ டின் இரண்டு.
பத்து நிமிடத்திற்கு ஒரு படம்.
இரவிலும் தெரியவேண்டுமே என்று
சுவிட்சின் மேல் சிவப்புத் தாள்:
'விளக்கை அணைக்காதீர்.'

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்
டின்னுக்கு ஏழாகப் பச்சைப்பயறு போட்டார்கள்.
துர்வேஷ் எட்டாவதையும் போட்டுவிட்டுத்
தோண்டி எடுத்தான்.
லேபிள் எழுதியவள் லோஷினி,
அவள் கையெழுத்துதான் கோட்டைத் தாண்டாது.
ஒன்றில் 'தண்ணீர் உண்டு'.
மற்றதில் 'தண்ணீர் இல்லை'.
உண்டு என்ற டின்னுக்கு மட்டும்
ஒரு பாட்டில் நீரும்
அதிலிருந்து மண்ணுக்கு இறங்கும்
வெள்ளைக் காலணிக் கயிறும்.

வெள்ளி காலை பத்து மணி.
தவணை விடுமுறை விட்டாச்சு.
பாடத்திட்டம் கேட்பது அவ்வளவுதான்:
ஒன்று வளரணும், ஒன்று வாடணும்,
வித்தியாசம் கட்டத்தில் ஏறணும்.

ஒருவாரம் கழித்து வந்த திங்களில்
ஒன்பது நாளும் சொச்சமும்
ஒரே நிமிடப் படமாகச் சுருங்கிக் கிடந்தன.
திரையை இழுத்துவிட்டு ஓட்டினேன்.
மண் வெடித்தது. வளைந்த கழுத்துகள் நிமிர்ந்தன.
இலைகள் கொட்டாவி விட்டன.
இடப்பக்கம் பதினான்கு சென்டிமீட்டர்.
வலப்பக்கம், இல்லை என்ற டின்னில்,
ஒன்பது.

அறை ஒரு கணம் ஊமை.
பிறகு இருபத்திரண்டு வாயும் திறந்தது.
பனி குடிச்சிருக்கும் சார்.
செம்பனை ஆலைப் புகையில தண்ணி இருக்கு சார்,
எங்க வீட்டு ஜன்னல்ல ஒட்டுமே.
பயறு பொய் சொல்லுது சார்.

யஷ்மித்தா மட்டும் மண்ணைப் பார்த்திருந்தாள்.
"நிறுத்துங்க. பின்னால போங்க.
அங்க மண்ணு வெளுப்பு. அடுத்த படத்துல கறுப்பு."
ஒரு படமாக நகர்த்தினேன்.
நான்கு இடங்களில் மண் திடீரென்று கறுத்தது.
மூன்று தரம், படத்துக்கும் படத்துக்கும் நடுவே
யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
ஒரே ஒரு தரம்,
நானூற்றுப் பதினேழாவது படத்தில்,
நீல ரப்பர் கையுறை.
சாய்ந்த எவர்சில்வர் டம்ளர்.

"சவரியம்மா ஆன்ட்டி!"

அவர் வாசலில்தான் இருந்தார், மாப்புக் கட்டையோடு.
எதற்கு எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று
உடையைச் சரிசெய்துகொண்டார்.
கேட்டதும் சொன்னார்:
"எழுதி வெச்சிருந்தீங்களே சார்,
தண்ணீர் இல்லைன்னு."

அவர் குடியிருப்பில் போன மாதம்
ஐந்து நாள் குழாய் வறண்டது.
பலகையில் இதே இரண்டு சொல்லை எழுதி ஒட்டினார்கள்.
லோரி வந்தது.

லோஷினி தன் லேபிளை உற்றுப் பார்த்தாள்.
எழுத்துப்பிழை ஏதும் இல்லை.
சிவப்புத் தாள் சொன்னதைக் கேட்டவர்
டின் சொன்னதையும் கேட்டிருக்கிறார்.
'ஊற்றாதீர்' என்று எழுதச் சொல்லாதவன்
நான்தான்.

அட்டவணையில் நாள், உயரம், இலை.
ஆன்ட்டியை எங்க போடுறது சார்?
துர்வேஷ் புதிய பத்தி ஒன்று திறந்து
'யார்' என்று தலைப்பிட்டு
அவர் பெயரைத் தட்டினான், ஒரு விரலால்.
எண்ணைக் கேட்ட இடத்தில் பெயர் வந்ததும்
வரைபடம் கோடு போட மறுத்தது.
அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
மேலிடத்துக்கு அனுப்பும் பாரத்தை
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
சவரியம்மா திரையருகே வந்தார்.
தன் கையைப் பார்க்கவேண்டுமாம்.
ஓடும் படத்தில் அது ஒரு மின்னல்.
இரண்டு தரம் கண்ணிமைத்துத் தவறவிட்டார்.
மூன்றாம் தரம் பிள்ளைகள் வினாடியை எண்ணினார்கள்,
அவரை இமைக்கவிடாமல்:
பதினான்கு, பதினைந்து,
பதினாறு,
ஆன்ட்டி, இப்ப